ஃப்ளெக்ஸில் வெளுத்த பெல்ட்

அத்தியாயம் 11

இதனால் மேட்டுக்களம் வார்டு வாக்காளப் பெருமக்களுக்கும், பட்டியலில் பெயர் விட்டுப்போய் இந்த முறை வாக்காளர் ஆக முடியாத பெருமக்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மூன்று தலைமுறையாக மக்கள் தொண்டையே மூச்சாகக் கொண்ட குடும்பத்தின் மருமகளும், ஜப்பான் தேசத்து வீரக்கலையில் இரண்டாம் டான் என்னும் உயர்ந்த நிலையை எட்டிப் பிடித்தவரும், இடுக்கி மலைச்சீமையின் எஸ்டேட் அதிபர் சுவக்கீன் அவர்களின் ஏக புதல்வியுமாகிய சிஞ்சு சதீஷ் அவர்கள், இன்று மாலை நெல்லடிக்கும் களத்தில் நடைபெறும் மாபெரும் வார்டு கன்வென்ஷனில் ஸ்தானார்த்தியாக அறிவிக்கப்பட இருக்கிறார்கள். அதுசமயம் அவர்கள் வெறுங்கையால் ஓடுகளை உடைத்துக் காட்டுவார்கள். அனைவரும் திரண்டு வருக. டீ உண்டு.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அறிவிப்பு ஆட்டோ நின்று இருமியது. ஆட்டோ இருமியதா, உள்ளே இருந்தவர் இருமினாரா என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து உண்டு.

வேட்பாளருக்கு இந்த எல்லைப்பக்கத்தில் ஸ்தானார்த்தி என்று பெயர். தமிழ்நாட்டில் தோற்கிறவர்களும் கேரளத்தில் தோற்கிறவர்களும் வேறு வேறு பெயரில் தோற்கிறார்கள், அவ்வளவுதான்.

போன வாரம் கல்யாணத்துக்குப் போய் அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. மேட்டுக்களம் வார்டு நஞ்சப்பன் குடும்பத்துச் சொத்து மாதிரி. முதலில் அவர் அப்பா. பிறகு நஞ்சப்பன். பெண்களுக்கு ஒதுக்கிய வருடம் அவர் மனைவி நாச்சம்மாள். மறுபடி நஞ்சப்பன். இப்போது மறுபடியும் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. நாச்சம்மாளோ இனி நிற்க மாட்டேன் என்று அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தவள் மருமகள் சிஞ்சு.

சிஞ்சு சம்மதித்தாள். இரண்டே கேட்டாள். சமூகக் கூடத்துச் சாவி வேண்டும். அங்கே ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு கராத்தே சொல்லிக்கொடுப்பாள். இன்னொன்று, பெயரை அறிவிக்கிற அன்று தன் அப்பா மேடையில் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்.

"அதுக்கென்ன அம்மிணி, ரெண்டு நாற்காலி போட்டாப் போச்சு" என்றார் நஞ்சப்பன். இது போன வாரத்து நஞ்சப்பன்.

*

கோவிந்தாபுரம் பஸ் நிறுத்தத்தில் காலையில் இறங்கிய சுவக்கீன், இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. கையில் ரெக்சின் பை. அதற்குள் சம்பந்தி வீட்டுக்கு ஏலக்காயும் தேயிலைத் தூளும். தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுக்க முதுகில் டப்பாவைச் சுமந்து செடிக்கு மருந்தடித்தவர். இப்போது வேலை இல்லை, இருமல் மட்டும் இருக்கிறது.

எதிரே ஃப்ளெக்ஸ்.

அதில் நஞ்சப்பனின் தலை பெரியது. மேகத்துக்குள் மிதந்த அவருடைய காலஞ்சென்ற அப்பாவின் தலை அதைவிடக் கொஞ்சம் சிறியது. மாவட்டத் தலைவரின் தலை நடுத்தரம். வலது மூலையில் ஸ்தானார்த்தி, காலைத் தூக்கி உதைத்துக்கொண்டிருந்தாள். அந்த உதை சரியாக மாமனாரின் தாடைக்கு நேரே போய் நின்றதை வடிவமைத்தவரும் கவனிக்கவில்லை, தாடைக்குச் சொந்தக்காரரும் கவனிக்கவில்லை.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய சிஞ்சு அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"என்னப்பா, இங்கயே நின்னுட்டீக?"

"ஒன்னயப் பாத்துட்டுத்தான் நிக்கேன் தாயி. எம்புட்டுப் பெருசாப் போட்டுருக்காக! ஒங்கம்மாவும் வந்திருக்கணும். முட்டி வீங்கிருச்சுன்னு படுத்துட்டா."

"வலி ரொம்பவா?"

"வலியெல்லாம் இல்ல, ஊரெல்லாம் நடந்து நடந்து ஒன்னப் பத்திச் சொன்னதுல வந்த வீக்கம். தோட்டத்து லயத்து வரிசையில ஒரு வீடு விடல. ஞாயித்துக்கெழம பூசையில பங்குச்சாமியே ஒம்பேரச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னாருன்னா பாத்துக்க."

சிஞ்சு சிரித்தபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். நேற்று ராத்திரி கட்டியது. அவளே இப்போதுதான் பார்க்கிறாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

உதைக்கும் கால், மடக்கிய கை, முகத்தில் வெயில். எல்லாம் அவளுடையதுதான். இடுப்பில் இருந்த பெல்ட் மட்டும் அவளுடையதில்லை. அது வெள்ளையாக இருந்தது.

கராத்தேயில் வெள்ளை என்றால் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். முதல் நாள் வந்து நிற்கிற குழந்தைக்குக் கட்டுவது. அதற்குப் பிறகுதான் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் பரீட்சையைப் பேனாவால் எழுதாமல் உடம்பால் எழுதி, கடைசியில் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளேயே முதல் டான், இரண்டாம் டான் என்று படிகள். நம் கட்சிகளைப் போல மேலிடத்தில் ஆள் இருந்தால் நேராகக் கறுப்புக்குப் போகிற வசதி அதில் இல்லை.

"அப்பா, பெல்ட்ட..."

"வெயில்ல வெளுத்திருக்கும்" என்றார் சுவக்கீன். அவர் அப்போது எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி கட்டுனதுப்பா."

"அப்ப பனியில வெளுத்திருக்கும். வா, போலாம்."

அந்த நேரம் பார்த்து அறிவிப்பு ஆட்டோ கடந்துபோனது. உள்ளேயிருந்து ஒரு கை நோட்டீஸ் ஒன்றை சுவக்கீனிடம் நீட்டிவிட்டுப் போனது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எஸ்டேட்... அதிபர்... சுவக்கீன். அதிபர்னா யாரு தாயி?"

"மொதலாளி."

சுவக்கீன் சத்தமாகச் சிரித்தார். இருமல் வந்து சிரிப்பை முடித்துவைத்தது.

"எந்த எஸ்டேட்டுன்னு போட்டிருக்காகளா?"

"போடலப்பா."

"அது வரைக்கும் நல்லது. போட்டிருந்தா நெசமான மொதலாளி கேஸ் போட்டுருவாரு."

ஆக, ஒரே ராத்திரியில், ஒரே அச்சகத்தில், அப்பாவுக்குப் பதவி உயர்வும் மகளுக்குப் பதவி இறக்கமும் நடந்து முடிந்திருந்தன. இரண்டு பேருமே விண்ணப்பிக்கவில்லை.

*

வீட்டில் நஞ்சப்பன் கஞ்சி போட்டு மடித்த வேட்டியில் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் அவர் மகன் சதீஷ் மண்டியிட்டு, ரம்பத்தால் ஓடுகளின் அடிப்பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் சிஞ்சு.

"ஒன்னுமில்ல. லேசா ஒரு கீறல். மேடையில ஒடையாமப் போயிட்டா அசிங்கமில்லையா?" சதீஷ் நிமிராமல் சொன்னான். கஞ்சிக்கோடு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறவன். கல்லூரி நாளில் தொடுபுழையில் ஒரு கராத்தே போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்று, மிச்ச நேரம் வேடிக்கை பார்த்ததில் ஜெயித்துக்கொண்டிருந்த சிஞ்சுவைப் பார்த்தவன். மஞ்சள் பெல்ட்டோடு நின்றுவிட்டவன். அவர்கள் காதல் கதையை ஆறாம் அத்தியாயத்தில் பார்த்தோம். இப்போது ரம்பச் சத்தத்தில் அது கேட்காது.

"வாங்க சம்பந்தி, வாங்க! பஸ்ஸு சவுரியமா இருந்துச்சுங்களா?" நஞ்சப்பன் எழுந்து கும்பிட்டார். "நாச்சா, சம்பந்திக்குக் காப்பி!"

"மாமா" என்றாள் சிஞ்சு. "ஃப்ளெக்ஸ்ல பெல்ட்டு வெள்ளையா இருக்குதுங்க."

"ஆமா அம்மிணி. நாந்தான் மாத்தச் சொன்னேன்." அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த களை. "கறுப்பு ஆகாதில்ல? மந்திரி வந்தா எதிர்க்கட்சிக்காரன் எதைக் காட்டறான்? கறுப்புக்கொடி. நம்ம ஸ்தானார்த்தியே அதை இடுப்புல சுத்திட்டு நின்னா சனம் என்ன நெனைக்கும்? வெள்ளைன்னா சமாதானம். கதர் வெள்ளை, வேட்டி வெள்ளை. அரசியல்ல வெள்ளைக்கு மேல ஏதுங்க?"

"மாமா, வெள்ளைன்னா ஒன்னும் தெரியாதவங்கன்னு அர்த்தம்."

"சனத்துக்கும் அதெல்லாம் தெரியாதே, பொறவென்ன?"

"எனக்குத் தெரியுமுங்களே."

நஞ்சப்பன் கொஞ்சம் யோசித்தார். "உன்ற கறுப்பு பெல்ட்டை நானும் பாத்தேன் கண்ணு. ஓரமெல்லாம் நைஞ்சு, உள்ளார வெள்ளை நூலு தெரியுது. அதுவே வெளுத்துக்கிட்டுத்தான் இருக்குது. நாம சித்தெ அவசரப்பட்டோம், அவ்வளவுதான்."

காப்பியோடு வந்த நாச்சம்மாள் டம்ளரை சுவக்கீன் முன்னால் வைத்தாள்.

"அந்த நோட்டீசையும் சொல்லுங்க. இவரை மொதலாளி ஆக்குனதை."

"அதுவா!" நஞ்சப்பன் நாற்காலியை சுவக்கீன் பக்கம் இழுத்துப்போட்டார். "சம்பந்தி தப்பா நெனைக்கக் கூடாதுங்க. அரசியல்ல குடும்பந்தானுங்க எல்லாம். மருந்தடிச்சவர்னு போட்டா தப்பில்லீங்க, ஆனா ஓட்டு வராதுங்க. தொழிலாளியைப் பாத்தாத் தொழிலாளிக்குப் பாவமாத்தான் இருக்கும். ஓட்டுப் போடத் தோணாது. மொதலாளின்னா பொறாமை வரும். கூடவே ஒரு பயம் வரும். பயந்தானுங்க ஓட்டு."

"ஏனுங்க" என்றாள் நாச்சம்மாள். "உங்கப்பாரு ஊருக்குள்ள ஒரே ஜீப் வெச்சிருந்தாருன்னு ஓட்டு வாங்குனாரு. ஜீப் போன பொறவு நீங்க அப்பாரைச் சொல்லி வாங்குனீங்க. இந்தப் புள்ளைக்குத்தான் கையும் காலும் சொந்தமா இருக்குதே, அதை வெச்சு வாங்கக் கூடாதா?"

"நீ உள்ள போ."

"உள்ளதான் இருக்கறேன். அஞ்சு வருசம் மெம்பரா இருந்தப்பவும் உள்ளதான் இருந்தேன். பஞ்சாயத்து ஆபீசுல ஜன்னல் எந்தப் பக்கம்னு இன்னிக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது."

முற்றத்தில் ரம்பம் ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். அடுத்து வரப்போவது கஷ்டமான வாக்கியம் என்று அந்தச் செருமலுக்கு அர்த்தம்.

"சம்பந்தி... இந்த மேடை சங்கதி. நீங்க உக்காரணும்னு எனக்கு ஆசைதானுங்க. ஆனா நோட்டீசுல அதிபர்னு அடிச்சாச்சு. நாலு பேரு வந்து கை குடுப்பாங்க. கையைப் பாத்தா..."

அவர் முடிக்கவில்லை. எல்லோரும் சுவக்கீனின் கையைப் பார்த்தார்கள். டம்ளரைப் பிடித்திருந்த அந்த விரல்களில் நகங்கள் மஞ்சளும் பழுப்புமாக, பல வருட மருந்தில் பழுத்திருந்தன. சுவக்கீன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மடியில் வேட்டிக்குள் செருகிக்கொண்டார்.

"வாஸ்தவந்தான்" என்றார். "மொதலாளி கை இப்படி இருக்காது."

"அப்பா!"

"நீ சும்மா இரு தாயி. நான் கூட்டத்துல ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிடுதேன். இல்லன்னா மத்தியான பஸ்ஸுக்கே போயிருதேன். ஒங்கம்மாவும் ஒத்தையில கெடக்கா."

"நீங்க வரணும்கிறது எஞ்சொல்லு. மாமா சரின்னாங்க."

"சரின்னேன் அம்மிணி, இல்லீங்கல. நோட்டீசு அடிக்கறதுக்கு முன்னாடி சொன்னதுங்க அது."

சிஞ்சு அவரையே பார்த்தாள். வெளியே போய்ச் சொல்ல முடியும், நான் நிற்கவில்லை என்று. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. ஆனால் சமூகக் கூடத்தின் சாவி மெம்பர் கையில்தான் இருக்கும். அந்தக் கூடத்தில் இப்போது போன தேர்தலின் ஃப்ளெக்ஸ்கள் படுத்துக்கிடக்கின்றன. அவற்றை வெளியே போட்டுவிட்டுப் பாய் விரிக்கலாம் என்று, கராத்தே வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்த பெண்பிள்ளைகள், போன வாரம் தாங்களே துடைப்பத்தோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

அவள் உள்ளே போனாள்.

*

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது நஞ்சப்பனின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் எச்சில் கையோடு எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். வெகுநேரம் நின்றார். பேசியதைவிடக் கேட்டது அதிகம். மாடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"யாருங்க?" என்றாள் நாச்சம்மாள்.

"மைக்செட்டுக்காரன்."

இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றினாள். அதைத் தொடாமல் எழுந்துபோய்க் கை கழுவினார். அந்த மனுஷன் ரசத்தை மிச்சம் வைத்ததை, கல்யாணம் ஆன நாளிலிருந்து நாச்சம்மாள் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் யாரையும் அதட்டவில்லை. சுவக்கீனிடம் வந்து, "சம்பந்தி, இருந்து பாத்துட்டுப் போலாமேங்க" என்றுகூடச் சொன்னார். குரலில் பலம் இல்லை. பலமில்லாமல் சொன்ன உபசாரத்தை மலையில் இருந்து வந்தவர்கள் ஏற்பதில்லை.

"பரவாயில்ல சம்பந்தி. பஸ்ஸு இருக்கு."

உள்ளறையில் சிஞ்சு கராத்தே உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். சதீஷ் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டில் மேல் வைத்தான். புத்தம்புது வெள்ளை பெல்ட்.

"இது எதுக்கு?"

"ஃப்ளெக்ஸ்ல வெள்ளை. மேடையில கறுப்புக் கட்டிட்டு வந்தா, போட்டோவுல இருக்கறது வேற ஆளான்னு கேப்பானுங்க."

"ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க பாத்தீங்களா?"

சதீஷ் கவரின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தேன்."

"மாமாவுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியாது. அச்சடிச்சவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"ஒரு கலர்தானே சிஞ்சு. ஜெயிச்ச பொறவு..."

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் மறுபடி. இந்த முறை அதில் கேள்வியும் இல்லை, கோபமும் இல்லை. அதனால்தான் சதீஷுக்கு பயமாக இருந்தது. அவள் அடித்திருந்தால் எப்படித் தடுப்பதென்று மஞ்சள் பெல்ட் வரைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவன் வெளியே போனான். சிஞ்சு வெள்ளை பெல்ட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். சுவக்கீன் அங்கே பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா. கட்டிவிடுங்க."

தோட்டத்து மாதா கோயில் ஹாலில் கராத்தே சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது பெல்ட் எதுவானாலும் முதல் தடவை அவர் கட்டமாட்டார். பிள்ளையை வீட்டிலிருந்து கூட்டி வந்தவர்தான் கட்ட வேண்டும். பெரும்பாலும் அம்மாக்கள் வந்தார்கள். சிஞ்சுவுக்கு எப்போதும் சுவக்கீன். இரண்டு முனையும் ஒரே நீளத்தில் தொங்குகிற அந்த முடிச்சு வராமல், லயத்து வீட்டில் கட்டில் காலில் கட்டிக் கட்டிப் பழகினார். சிஞ்சுவின் அம்மா சிசிலி, கட்டிலுக்குக் கல்யாணமா என்று கேட்டாள். அப்படிப் பழகி, வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பு வரை எல்லா நிறத்தையும் கட்டிய கைகள் அவை. ஒவ்வொன்றையும் கட்டி முடித்ததும், முந்தினதை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.

"வெள்ளையவா?" என்றார்.

"ஆமாப்பா."

சுவக்கீன் வாங்கிக்கொண்டார். நடுவைக் கண்டுபிடித்து, அவள் வயிற்றில் வைத்து, பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவந்தார். புது பெல்ட் விறைப்பாக இருந்தது, முடிச்சு நிற்காமல் நழுவியது. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"மொதத் தடவ கட்டுனப்ப நீ என் இடுப்பு வரைக்கும்தான் இருந்த" என்றார். "நான் முட்டி போட்டுக் கட்டுனேன்."

"ஞாபகம் இருக்குப்பா."

"இப்ப முட்டி போட முடியாது. அது ஒன்னுதான் வித்தியாசம்."

இரண்டு முனைகளையும் இழுத்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தன. பழக்கதோஷத்தில் முந்தின பெல்ட்டுக்காகக் கையை நீட்டினார்.

சிஞ்சு தோளில் போட்டிருந்த கறுப்பு பெல்ட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

சுவக்கீன் பதறினார். "இது இங்கயே இருக்கட்டும் தாயி. இது ஒன்னோடது."

"இங்க இருந்தா இதையும் வெளுத்திருவாங்க. கொண்டுபோங்க."

அவர் அதை மடிக்க முயன்றார். கண்ணீர் கண்ணை மறைத்ததால் மடிப்பு சரியாக வரவில்லை. சட்டைப்பைக்குள் அது போகவில்லை. ஈஸ்டர் சட்டைக்குப் பை சின்னது. ஏலக்காய் இருந்த இடத்தில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

*

சதீஷ்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டான். பஸ் வரும்வரை இரண்டு பேரும் ஃப்ளெக்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாப்ள, மஞ்சளுக்கு மேல ஏன் போகாம விட்டீக?"

"அதுக்கு மேல நெசமாவே அடிக்கறாங்க மாமா."

"ஆமா" என்றார் சுவக்கீன். "அதுக்கு மேலதான் வலிக்கும்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடுவதா, கையாட்டுவதா என்று சதீஷ் முடிவு செய்வதற்குள் பஸ் பொள்ளாச்சி ரோட்டில் திரும்பிவிட்டது.

*

சாயந்திரம் களம் நிறைந்தது. சொன்னபடி டீ கொடுத்தார்கள். மேடையில் மாவட்டத் தலைவருக்காகத் துண்டு போர்த்திய சிம்மாசனம் காலியாக இருந்தது. தலைவர் எலப்புள்ளி தாண்டிவிட்டார், இதோ வந்துவிட்டார் என்று மைக் சொல்லிக்கொண்டே இருந்தது. சிஞ்சுவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. நாச்சம்மாள்தான் அதைத் தூக்கிக்கொண்டுவந்து போட்டாள். யார் உட்கார வந்தாலும், "ஆள் வருதுங்க" என்று கீழிருந்தே விரட்டினாள்.

கூட்டம் கலையாமல் இருக்க ஓடு உடைக்கும் நிகழ்ச்சியை முன்னால் கொண்டுவந்தார்கள். இரண்டு செங்கல் அடுக்கின் மேல் ஓடுகளை வைத்தார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் எழுந்து நின்றுகொண்டார்கள்.

"அக்காவுக்கு ஏன் வெள்ளை பெல்ட்டு?" என்று அவர்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். அது சிஞ்சுவுக்குக் கேட்டது.

சிஞ்சு குனிந்து வணங்கினாள். மூச்சை இழுத்து, கையை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி அடியை இறக்கப் போனாள்.

கை வந்து சேரவே இல்லை. சதீஷ் கொஞ்சம் தாராளமாகவே அறுத்திருந்தான். காற்று பட்டதோ, மேடை ஆடியதோ, அவள் கை மேலே இருக்கும்போதே ஓடுகள் தாமாக நடுவில் பிளந்து பொத்தென்று விழுந்தன.

களம் ஒரு நொடி திகைத்தது. பிறகு கைதட்டல் வானத்தைப் பிளந்தது. தொடாமலே உடைக்கிறாள் என்றார்கள். ஜப்பானில் அப்படி ஒரு வித்தை உண்டு என்றார்கள். உதை படத்தில் தாடையைக் கொடுத்திருந்த நஞ்சப்பன் எழுந்து நின்று தட்டினார். தட்டிக்கொண்டே அழுதார். மருமகளின் பெருமையில் மாமனார் கண்ணீர் என்று அதை ஒருவன் போனில் படம் பிடித்தான்.

கீழே நின்ற நாச்சம்மாள் கைதட்டவில்லை. அவள் புருஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மிச்சம் வைத்த ரசம் அந்த முகத்தில் தெரிந்தது.

பல வருடம் பயின்ற கை, ஒன்றையும் தொடாமல், அந்தரத்தில் நின்றது. சிஞ்சு அதை மெதுவாகக் கீழே இறக்கினாள். காலி நாற்காலியில் இருந்த போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மலையாளத்தில் சொன்னாள்.

அப்போது பஸ் சின்னார் காட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சுவக்கீன் பக்கத்து சீட்டுக்காரியிடம் நோட்டீசைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எம் மகதான். பாலக்காட்டுப் பக்கம் ஸ்தானார்த்தியா நிக்கா. ரெண்டாம் டான் வாங்குனவ."

"அப்பிடின்னா என்னங்கய்யா?"

"பெரிய படிப்பு மாதிரி. கறுப்பு பெல்ட்டு. பையிலதான் இருக்கு, வேணுமுன்னா காட்டுதேன்."

"நல்லா இருக்கட்டும். உங்க பேரும் இதுல போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காக, போட்டிருக்காக."

எங்கே என்று அந்தப் பெண் குனிந்தாள். சுவக்கீன் தன் பெயரைக் காட்டினார். அதற்கு முன்னால் இருந்த இரண்டு வார்த்தைகளின் மேல் அவருடைய பழுத்த கட்டைவிரல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. மறையூர் வரைக்கும் அதை அவர் எடுக்கவில்லை.

களத்தில் இரண்டாவது தடவை டீ கொடுத்தார்கள். தலைவர் வந்துகொண்டே இருக்கிறார் என்றது மைக்.

தலைவர் வரப்போவதில்லை. வார்டைத் தோழமைக் கட்சிக்கு மத்தியானமே கொடுத்துவிட்டார்கள்.